கண்ணைப் பார்த்தால் ஒட்டாது... குழாயைத் தொட்டால்?

ஐப்பசி மழைக்காலம் மெட்ராஸ் ஐ சீசனும்கூட. "அவன் கண்ணைப் பார்க்காதே, உனக்கும் ஒட்டிக்கும்!" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பாத வீடு அல்லிநகரத்தில் அநேகமாக இருக்காது.

பார்ப்பதால் ஒட்டாது. பெரும்பாலும் இதற்குக் காரணம் அடினோ வைரஸ். கண்ணைக் கசக்கிய கை பெஞ்சைத் தொடும், கதவைத் தொடும், பக்கத்துப் பிள்ளையின் ஸ்கேலை வாங்கும். அங்கே தொட்ட இன்னொரு கை கண்ணுக்குப் போனால் கதை முடிந்தது. காய்ந்துபோன இடத்தில்கூட இந்த வைரஸ் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, பாதிக்கப்பட்டவர்கள் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று சுகாதாரத்துறை சொன்னதும் இதனால்தான். கறுப்புக் கண்ணாடி போட்டால் கூச்சம் குறையும், பரவுவது நிற்காது.

பள்ளியில் மோசமான இடம் எது என்று கேட்டால் டாய்லெட்டைத்தான் சொல்வோம். குழாய்த் திருகை யாரும் நினைப்பதில்லை. அழுக்குக் கையால் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான கையால் அதே திருகை மூடுகிறோம். கழுவியதில் பாதி வீண்! கையில் நுரை இருக்கும்போதே திருகையும் தேய்த்து, ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டு மூடினால் போதும். செலவே இல்லாத வேலை. காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே சாப்பிடும் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

சானிடைசர் போதாதா? கொரோனா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். அடினோவுக்கு அந்த உறை கிடையாது. எனவே சோப்பும் தண்ணீரும்தான் நல்லது. 20 விநாடி தேய்க்க வேண்டும்.

கண் சிவந்த பிள்ளையை ஏன் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று கோபப்படுவது சுலபம். போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்ட ஜீப் விடியும் முன்பே கிளம்பிவிடும். அம்மா வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போச்சு. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்; தனியாக உட்கார வைக்கலாம். தனிக் கைக்குட்டை, தனி டம்ளர் கொடுத்தனுப்புங்கள். வீட்டிலும் துண்டு, தலையணை தனியாக இருக்கட்டும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து மட்டும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சில கண்களுக்கு ஆபத்து. வலி அதிகமானாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு தேனியிலிருந்து பஸ் இருக்கிறது.