வெறுந்தரை என்று எழுதப்படும் நிலம்

வெறுந்தரை, தரிசு, பயனற்ற காணி. அபிவிருத்தித் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொற்கள் இவை. நெல்லோ வெங்காயமோ புகையிலையோ நிற்காத நிலம் எவருக்கும் உதவாத நிலம் என்பதே இவற்றின் உட்பொருள். இதை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்று சொல்வதற்கு, வெகு தொலைவிலுள்ள இங்கிலாந்தினதும் ஜேர்மனியினதும் சுண்ணக்கல் தரவைகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

தென் இங்கிலாந்தின் மேட்டு நிலங்களின் அடியில் இருப்பது, பள்ளிக்கூடத்து வெண்கட்டி போன்ற மென்மையான வெள்ளைச் சுண்ணக்கல். ஜேர்மனியின் நடுப்பகுதியிலுள்ள கல் அதைவிட வன்மையானது. இரண்டின் மேலும் மண் சில அங்குலம் மட்டுமே. பெய்த மழை நிற்காமல் கல்லுக்குள் இறங்கிவிடும். பொசுபரசுச் சத்தும் மிகக் குறைவு. கமக்காரர் ஒருவர் மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அங்கே ஒரு சதுர மீற்றர் புல்லில் 40 வகைச் செடிகள் வரை எண்ணலாம்.

வளமில்லாத மண்ணில் இத்தனை வகை எப்படி வந்தன? வளமில்லாதபடியால்தான் வந்தன. எந்தவொரு செடிக்கும் மற்றவற்றை அமுக்கி மேலெழும் அளவுக்குச் சத்துக் கிடைப்பதில்லை. சற்று உயர்ந்ததையும் ஆடு கடித்துவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. றொதம்ஸ்ரெட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் 1856ஆம் ஆண்டு தொடங்கிய புல்வெளிப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. அங்கே பசளையிடாத துண்டுகளில் நாற்பது வகை அளவில் நிற்க, அமோனியம் சல்பேற்றை ஆண்டுதோறும் பெற்ற துண்டுகள் சிலவற்றில் எஞ்சியவை இரண்டு மூன்று புல் வகைகளே. விளைச்சல் என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் மட்டும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு.

இத்தரவைகளில் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை ஒன்று மாறி ஒன்றாகப் பூக்கள் வருகின்றன. ஒவ்வொரு பூவின் வாசலும் ஒவ்வொரு மாதிரி. நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த சால்வியா என்ற செடியின் பூவுக்குள் துலாவைப் போன்ற ஓர் அமைப்பு உண்டு. தேனீ தேனைத் தேடித் தலையை உள்ளே தள்ளும்போது துலாவின் ஒரு முனை உள்ளே போகும். மறுமுனை கீழே வந்து அதன் முதுகில் மகரந்தத்தைப் பூசிவிடும். கிணற்றடியில் துலா மிதித்த நம் முதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேனீ என்றதும் கூட்டில் வாழும் தேனீயே நம் நினைவுக்கு வரும். ஆனால் பெரும்பாலான தேனீ இனங்களுக்குக் கூட்டமும் இல்லை, இராணியும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியே மண்ணில் துளையிட்டு முட்டையிடுகிறது. செயின்போயின் என்பது முற்காலத்தில் குதிரைக்கும் ஆட்டுக்கும் தீனியாக விதைத்த, பயற்றங்குடும்பத்துச் செடி. அதன் மகரந்தத்தையே நம்பி வாழும் ஒரு தனித் தேனீ பிரித்தானியாவில் சோல்ஸ்பரி சமவெளியில் மட்டுமே இருக்கிறது. அந்தத் தேனீக்குச் செடியும் வேண்டும், கிளறப்படாத மண்ணும் வேண்டும். உழவு இயந்திரம் ஒருமுறை போனால் இரண்டும் போய்விடும்.

இதனால் தோட்டக்காரருக்கு என்ன என்று கேட்பது நியாயமே. கெட்டிங்கன் நகரைச் சுற்றியுள்ள வயல்களில் ஸ்ரெபான்-டெவென்ரர், சார்ன்ற்கே என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை 1999இல் வெளிவந்தது. காட்டுக் கடுகையும் முள்ளங்கியையும் சிறு சிறு கூட்டங்களாக, சுண்ணக்கல் தரவையிலிருந்து வெவ்வேறு தூரங்களில் வைத்தார்கள். இரண்டும் தன் மகரந்தத்தால் விதை கட்டாதவை. வேறொரு செடியின் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவர வேண்டும். தரவையை விட்டு விலக விலக, வந்த தேனீக்களின் தொகையும் வகையும் குறைந்தன, விதையும் குறைந்தது. கடுகில் ஏறக்குறைய 1000 மீற்றரில் விதை பாதியாயிற்று. முள்ளங்கியில் 250 மீற்றரிலேயே பாதியாயிற்று. மண் குறையவில்லை, தண்ணீர் குறையவில்லை. ஆடு மேயும் அந்த 'வெறுந்தரை' தூரமாய்ப் போனது, அவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் தாழ்நிலப் பூம்புல்வெளிகளில் நூற்றுக்கு 97 பங்கு 1930களுக்கும் 1984க்கும் இடையில் அழிந்தது. போர்க்காலத்தில் உணவுக்காக உழுதார்கள். பசியுள்ள நாட்டைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னும், அரசாங்க மானியத்தோடு உழுததும் பசளை கொட்டியதும் வேறு கதை. பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் தேனீ வகைகள் குறைந்ததோடு தேனீயை நம்பிய செடிகளும் குறைந்தன என்பதை 2006இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

ஆனால் உழவை நிறுத்தினால் மட்டும் போதாது. பெருநீல வண்ணத்துப்பூச்சியின் கதை இதற்குச் சாட்சி. அது தைம் என்ற சிறு செடியின் பூமொட்டில் முட்டையிடும். புழு சில வாரத்தில் நிலத்தில் விழ, ஒருவகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சென்று எண்ணித் தூக்கிச் சென்று வளர்க்கும். அந்த எறும்புக்கு வெயில் பட்ட சூடான மண் வேண்டும். ஆடுகள் குறைந்தன, 1950களில் நோயால் முயல்களும் மடிந்தன, புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போயிற்று. பூச்சியைக் காக்கவென்று மேய்ச்சலைத் தடுத்து வேலியடைத்த இடங்களிலும் அது மறைந்தது. 1979இல் பிரித்தானியாவில் அற்றுப்போனது. ஜெரெமி தோமஸ் என்ற அறிஞர் காரணத்தைக் கண்டறிந்த பின், மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் சுவீடனிலிருந்து எடுத்த இனத்தை விட்டுப் பெருக்கினார்கள்.

நம் மனதை அதிகம் தொடுவது சோல்ஸ்பரி சமவெளியில் உள்ள இம்பர் என்ற கிராமம். 1943 நவம்பர் முதலாந் திகதி ஊரவரை அழைத்து, 47 நாளில் வெளியேறச் சொன்னார்கள். படைப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்பது காரணம். போர் முடிந்தால் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள் திரும்பவேயில்லை. 1961இல் ஏராளமானோர் ஊருக்குள் நுழைந்து உரிமை கேட்டார்கள். விசாரணை நடந்தது, முடிவு இராணுவத்தின் பக்கமே. தேவாலயத்தைப் பேணவும் ஆண்டுக்கொரு ஆராதனை நடத்தவும் இடம் கிடைத்தது.

அச்சமவெளியே இன்று வடமேற்கு ஐரோப்பாவில் எஞ்சிய மிகப் பெரிய வெண்சுண்ணத் தரவை. 'ஊரை எழுப்பியதால்தான் பூக்கள் பிழைத்தன' என்று சொல்வோர் உண்டு. இதில் பாதிதான் உண்மை. படைமுகாம் தடுத்தது கலப்பையையும் பசளையையும். பூக்களை உண்டாக்கியது பல நூற்றாண்டு இடையர்களின் மேய்ச்சல். அது நின்றுபோன பகுதிகளில் முட்பற்றையும் முரட்டுப் புல்லும் ஏற, அதை வெட்டி மாடுகளை மறுபடி மேயவிட வேண்டியிருந்தது. ஆட்களில்லாத நிலம் தானாகவே செழிக்கும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சமவெளியே மறுப்பு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலும் சுண்ணக்கல்தான். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழுப்பப்பட்டு, பகுதி பகுதியாக விடுபட்ட காணிகளுக்குத் திரும்பியோர் கண்டது பூந்தோட்டத்தையல்ல, பற்றைக்காட்டை. அதை வெட்டத்தான் வேண்டும். வெட்டும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். டோசர் கொண்டு எல்லையிலிருந்து எல்லைவரை சுரண்டாமல், வேலியோரத்தில் ஒரு கீற்றையாவது உழாமலும் களைநாசினி தெளிக்காமலும் விடுங்கள்; ஆடு மாடு அதில் மேயட்டும். பூசணியும் பாகலும் பூத்துக் காய் பிடிக்காமல் உதிர்ந்தால், பசளையை மட்டும் யோசியாமல் பூவில் தேனீ வருகிறதா என்றும் காலையில் போய்ப் பாருங்கள். நம் தேனீக்கள் பறக்கும் தூரம் ஜேர்மனியில் கண்ட அளவிலிருந்து வேறுபடலாம். தூரம் கூடக் கூட வரவு குறையும் என்பது வேறுபடாது.

ஊருக்குப் பொதுவான தரவைகளின் நிலை வேறு. அவற்றுக்கு உறுதி எழுதியவர் எவருமில்லாததால், காணி பகிரும் வேளையில் முதலில் கைவைக்கப்படும் நிலம் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் ஊர்த் தரவையின் பெயரையும் எல்லைகளையும் அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவற்றை எழுதி, மேய்ச்சல் நிலம் எனப் பதியும்படி பிரதேச செயலாளரிடம் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கையளிக்கலாம்.