முறைப்பாடு வராத மோசடி

2021 மார்ச்சில் இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற ஆயிரம் அது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அடுத்த ஆண்டே ரூபாய் சரிந்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. கையிலுள்ள காசு கரைவதைக் கண்ணெதிரே பார்த்தவர்களிடம், டொலரில் வைத்துப் பெருக்கித் தருகிறோம் என்று கைபேசிச் செயலி ஒன்று சொன்னால் நம்பத்தான் தோன்றும். ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டி.டி., எம்.டி.எஃப்.இ. என்ற திட்டங்கள் எல்லாம் இந்த ஆண்டுகளில்தான் நாடெங்கும் ஆள் சேர்த்தன. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவோர் இதை யோசிப்பதில்லை.

இவற்றில் ஆள் சேர்ப்போரின் பேச்சு கிரிப்டோ நாணயத்தைப் பற்றியது என்றாலும், சேருபவர் எந்தச் சந்தைப் பக்கமும் போவதில்லை. தன்னைச் சேர்த்துவிட்டவரிடம் ரூபாயைக் கொடுக்கிறார். செயலியில் அவர் பெயருக்கு டொலர் ஏறுகிறது, தினமும் இலாபம் தெரிகிறது. தொடக்கத்தில் கொஞ்சம் எடுக்கவும் முடிகிறது. அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் எம்.டி.எஃப்.இ.யில் பணம் எடுப்பது நின்றது; இலாபம் காட்டிய கணக்குகள் ஒரே நாளில் கடன் காட்டின. பங்களாதேஷிலும் இதே கதி.

மலையகத்து நோட்டன் பிரிட்ஜ் போன்ற இடத்தில் இப்படியொன்று நுழைய விளம்பரப் பலகை தேவையில்லை. இங்கே எழுத்தில்லாத நம்பிக்கையில்தான் சீட்டு ஓடுகிறது. மாமன் மகன் சொன்னால், பக்கத்து லயத்து அக்கா சொன்னால், அதுவே உத்தரவாதம். மோசடிக்காரர் காசாக்குவது இந்த நம்பிக்கையைத்தான். அது உடையும்போது பணத்தோடு உறவும் போகிறது.

இந்த மோசடி நிலைப்பதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. இழந்தவர் அநேகமாக இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டும் இருப்பார். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, ஆள் சேர்த்து ஓடும் இத்தகைய பிரமிட் திட்டத்தைத் தொடங்குவதை மட்டுமல்ல, ஊக்குவிப்பதையும் குற்றமாக்குகிறது. அப்படியானால் நோட்டன் பிரிட்ஜ் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதப் போகிறவர் தன்னையும் தன் உறவினரையும் சேர்த்தே எழுதிக் கொடுக்க வேண்டும். யார் போவார்? பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கும் வேலையைச் சட்டமே செய்துவிடுகிறது. மேலே இருந்து நடத்தியவரையும், கடைசியில் தானும் இழந்து நிற்கும் இடையாளையும் வழக்கில் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்வந்து தகவல் தரும் இடையாளுக்குப் பாதுகாப்பு வேண்டும். அது இல்லாதவரை கணக்கில் வரும் இழப்பு உண்மை இழப்பின் ஓரமாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2024இல் வந்த முறைப்பாடுகளில் கிரிப்டோ தொடர்பான இழப்பு மட்டும் 930 கோடி டொலர். அதுவும் வாய்திறந்தவர்களின் கணக்கே.

மத்திய வங்கி சும்மா இருக்கவில்லை. கிரிப்டோ குறித்து 2018 முதல் எச்சரிக்கிறது. அதை வாங்க வங்கி அட்டைகளைப் பயன்படுத்த 2021இல் தடை விதித்தது. 2023இல் தடைசெய்யப்பட்ட திட்டங்களைப் பெயர் சொல்லி அறிவித்தது. ஆனால் அட்டையே இல்லாமல், கையில் காசு கொடுத்துச் சேருபவரை அட்டைத் தடை என்ன செய்யும்? பெயர்ப் பட்டியல் வந்தபோதோ ஸ்போர்ட்ஸ் செயினில் போட்ட பணம் எப்போதோ போயிருந்தது.

தோட்டத்தில் பெரும் பணம் கைக்கு வரும் நேரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்ணுக்கு 50 வயதில், ஆணுக்கு 55 வயதில் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) வருகிறது; வெளிநாட்டில் வீட்டுவேலை செய்த மகள் ஒப்பந்தம் முடிந்து திரும்புகிறாள். ஆயுள் உழைப்பு ஒரே தொகையாக நிற்கும் அந்த வாரத்தில், ஈ.பி.எஃப். விண்ணப்பத்தை வாங்கும் தொழில் அலுவலகமே தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்கட்டும். சந்தா பிடிக்கும் தொழிற்சங்கங்கள் அதைக் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் வாசித்துக் காட்டட்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை.