மண்டோர் வரைதானா நம் ஏணி?

எஸ்பிஎம் தேர்வு முடிந்த சில நாள்களிலேயே ஈப்போ உணவகங்களில் புதிய முகங்களைப் பார்க்கலாம். சிம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா, தஞ்சோங் ரம்புத்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் நம் பிள்ளைகள் மேசை துடைக்கிறார்கள், தண்ணீர் கலக்குகிறார்கள், மங்கு கழுவுகிறார்கள், விரைவு உணவகங்களில் கோழி பொரிக்கிறார்கள். தேர்வு முடிவு வரும் வரை என்று சொல்லிச் சேர்ந்தவர்களில் சிலர், முடிவு வந்த பிறகும் அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

இவர்களைப் பற்றி நாம் இரண்டு விதமாகப் பேசுகிறோம். “மங்கு கழுவவா உன்னைப் படிக்க வைத்தேன்?” என்பது வீட்டில் கேட்கும் பேச்சு. “மங்கு கழுவியவர் இன்று கோடீஸ்வரர்” என்பது கைப்பேசியில் வலம் வரும் காணொலிகளின் பேச்சு. முதலாவது அந்த வேலையைக் கேவலப்படுத்துகிறது. இரண்டாவது நடுவில் இருக்கும் படிகளை மறைத்துவிடுகிறது. எஸ்டிபிஎம் முடித்துப் பல்கலைக்கழக அழைப்புக்காகக் காத்திருந்த மாதங்களில் நானும் ஓர் உணவகத்தில் வேலை செய்தேன். அங்கே என்னோடு வேலை செய்த நண்பர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். அடுத்த படி எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் அவர்களுக்கு ஆள் இல்லை. அந்தப் படிகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

ஒரு தோசைக் கடையின் கணக்கு

மங்கு கழுவியவர் முதலாளியான கதைகளில் நம் மொழிக்காரர் ஒருவரின் கதை உண்டு. தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த நாகலாபுரத்தில் பிறந்த பிரேம் கணபதி, 1990ஆம் ஆண்டில் 17 வயதில் மும்பைக்குப் போனார். இந்தி தெரியாது, கையில் காசும் இல்லை. மாஹிம் பகுதியில் ஒரு ரொட்டிக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 150 ரூபாய். அதன் பிறகு வேறு சில கடைகளிலும் வேலை பார்த்தார். 1992இல் நவி மும்பையின் வாஷி ரயில் நிலையத்துக்கு அருகே தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்கத் தொடங்கினார். ஊரிலிருந்து வந்த தம்பிமார் துணை நின்றார்கள். 1997இல் ஒரு சிறிய கடையை வாடகைக்கு எடுத்தார். சீன உணவுச் சுவைகளைத் தோசையில் சேர்த்துப் பார்த்தார். அது வாடிக்கையாளர்களுக்குப் பிடித்துப்போனது. 2003 வாக்கில் அவருடைய ‘தோசா பிளாசா’ பேரங்காடிக்குள் நுழைந்து, மற்றவர்களுக்குப் பிரான்சைஸ் கொடுக்கும் நிலைக்கு வளர்ந்தது.

காணொலியில் இந்தக் கதை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். மங்கு கழுவியதிலிருந்து சொந்தக் கடைக்கு ஏழு ஆண்டுகள். பிரான்சைஸ் கொடுக்கும் நிலைக்குப் பதின்மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவர் சும்மா உழைத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. எந்தப் பொருள் விற்கிறது, எது மிஞ்சுகிறது, வாடிக்கையாளர் எதற்காகத் திரும்பி வருகிறார் என்று கற்றுக்கொண்டே இருந்தார். குடும்பத்தாரின் கைகளும் சேர்ந்தன. உழைப்பு, கற்றல், கூட்டு ஆகிய மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தத் தள்ளுவண்டி தள்ளுவண்டியாகவே நின்றிருக்கும்.

இரண்டு ஏணிகள்

உணவகத்தில் ஏறுவதற்கு இரண்டு ஏணிகள் இருக்கின்றன. நாம் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே பார்க்கிறோம்.

முதல் ஏணி வேலை ஏணி. ஊழியர், குழுத் தலைவர், துணை மேலாளர், மேலாளர் என்று அது போகும். இந்த ஏணி மிக உயரத்துக்கும் போகக்கூடியது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 15 வயதில் மெக்டோனல்ட்ஸ் உணவகம் ஒன்றில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்த சார்லி பெல், 2004இல் அந்நிறுவனத்தின் உலகத் தலைமை நிர்வாகியானார். ஆனால், அந்த ஏணியின் உச்சியில் நிற்பவரும் சம்பளம் வாங்குபவர்தான்.

இரண்டாவது ஏணி உரிமை ஏணி. அதில் ஏற, வேலை தெரிந்தால் மட்டும் போதாது. முதலீடு வேண்டும், ஒப்பந்தம் வேண்டும். அமெரிக்காவில் டோமினோஸ் கடைகளை நடத்தும் பிரான்சைஸ் உரிமையாளர்களில் 95 விழுக்காட்டினர், அதே நிறுவனத்தில் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பவராகவோ கடை ஊழியராகவோ தொடங்கியவர்கள் என்று அந்நிறுவனமே சொல்கிறது. அங்கே முதல் ஏணியிலிருந்து இரண்டாவது ஏணிக்குத் தாவ ஒரு பலகை போடப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் நிலைமை வேறு. கேஎஃப்சி, பீட்சா ஹட் போன்ற உணவகங்களை நாடு முழுவதும் நடத்தி வருவது கியூஎஸ்ஆர் பிராண்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம். அத்தகைய இடங்களில் நன்றாக உழைத்தால் மேலாளர் ஆகலாம். அந்தக் கடையே உங்களுடையதாகும் என்று எதிர்பார்க்க முடியாது.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாள் முதல் பேராக் மாநிலத்தின் ரப்பர் வரலாறு நீள்கிறது. அந்த வரலாற்றில் நம்மவர்கள் மரம் வெட்டினார்கள், பால் எடுத்தார்கள். திறமையுள்ளவர் மண்டோர் ஆனார். படித்தவர் கிராணி ஆனார். மரம் மட்டும் வேறு யாருக்கோ சொந்தமாக இருந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது, முப்பது ஆண்டுகள் அதே மரத்தை வெட்டியவரின் கையில் லயன் வீட்டுச் சாவிகூட மிஞ்சவில்லை. பேரப்பிள்ளைகளாகிய நாம் குளிர்சாதன அறையில் சீருடை அணிந்து வேலை செய்கிறோம். மண்டோர் என்ற பெயர் மேற்பார்வையாளர் என்று மாறியிருக்கிறது. ஏணியின் நீளம் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிரான்சைஸ் என்றால் என்ன?

ஒருவர் நடத்தி வெற்றி கண்ட வணிகத்தை, அதன் பெயரோடும் செய்முறையோடும் இன்னொருவர் நடத்த உரிமை பெறுவதே பிரான்சைஸ். அதற்காக நுழைவுக் கட்டணமும், பிறகு மாதந்தோறும் ராயல்டியும் கட்ட வேண்டும். ராயல்டி பொதுவாக விற்பனையிலிருந்து கணக்கிடப்படுகிறது, இலாபத்திலிருந்து அல்ல. எடுத்துக்காட்டாக, மாதம் 60,000 ரிங்கிட் விற்பனைக்கு 5 விழுக்காடு என்றால் 3,000 ரிங்கிட். அந்த மாதம் உங்களுக்கு நட்டமே வந்தாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இதற்கு மலேசியாவில் தனிச் சட்டமே உண்டு. அது 1998ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டம். உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் அது செயல்படுகிறது. அதில் மாணவர்களாகிய நாம் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு. கையெழுத்திடுவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே ஒப்பந்தத்தின் நகலும் நிறுவனத்தின் விவரங்கள் அடங்கிய ஆவணமும் உங்கள் கைக்கு வர வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறினால் விலகிக்கொள்ளக் குறைந்தது ஏழு வேலை நாள்கள் அவகாசம் இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது. ஒப்பந்தம் முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு நீங்கள் அதே மாதிரியான வணிகத்தை நடத்த முடியாது. முதல் மூன்றும் உங்களுக்குப் பாதுகாப்பு. நான்காவது உங்கள் மேல் விழும் கட்டு. “இன்றே கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கு இந்த விலை இருக்காது” என்று யாராவது அவசரப்படுத்தினால், அவர் அந்தப் பத்து நாள் விதியை நீங்கள் அறியவில்லை என்று நம்புகிறார் என்பது பொருள்.

பிரான்சைஸ் வாங்குவது ஒரு வழி. கொடுப்பது இன்னொரு வழி. அதற்கு ஈப்போவிலேயே பாடம் இருக்கிறது. 1958இல் தொடங்கிய நாம் ஹியோங் காப்பிக் கடையை வேராகக் கொண்ட ஓல்ட் டவுன் நிறுவனம், 1999இல் வெள்ளைக் காப்பியைப் பொட்டலத்தில் அடைத்து விற்கத் தொடங்கியது. 2005 முதல் காப்பிக் கடைகளைத் திறந்து, பிரான்சைஸ் முறையில் பரவி, 2011இல் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. ஒரு காப்பியின் பக்குவத்தை யார் கலக்கினாலும் ஒரே சுவை வருமாறு அளவுகளாக மாற்றியதில்தான் இதற்கான வாய்ப்பு பிறந்தது. நம் வாழை இலைக் கடைகளில் இருக்கும் குழம்பின் பக்குவம் எதற்கும் குறைந்ததல்ல. அது பெரும்பாலும் ஒரு சமையல்காரரின் கையில் இருக்கிறது, தாளில் இல்லை. அவர் ஓய்வு பெற்றால் கடையின் சுவையும் ஓய்வு பெற்றுவிடுகிறது.

சம்பளச் சீட்டில் தொடங்கும் முதலீடு

முதலீட்டுக்கு எங்கே போவது? வங்கியிலோ, இந்தியச் சிறுதொழில் முனைவோருக்கான தெக்குன் ஸ்பூமி போன்ற திட்டங்களிலோ கடன் கேட்டுப் போகிறவரிடம் ஆவணங்கள் கேட்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் சறுக்குகிறார்கள். “இபிஎஃப் பிடிக்க வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள்” என்று கேட்டு வாங்குபவர்களை நான் வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். அந்த மாதத்துக்கு அது இலாபமாகத் தெரியும். ஐந்து ஆண்டுகள் கழித்து, அவர் வேலை செய்தார் என்பதற்கே சான்று இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், நம் பங்காக ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் சேர்க்கிறார். மாதம் 408 ரிங்கிட். ஆண்டுக்கு 4,896 ரிங்கிட். 187 ரிங்கிட்டைக் கையில் வாங்க ஆசைப்பட்டு 221 ரிங்கிட்டை விட்டுக்கொடுப்பது என்ன வணிகம்? அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஓய்வுக்காலத்துக்கு உரியது. கடை போட எடுக்க முடியாது. ஆயினும் அந்த அறிக்கை உங்கள் வருமானத்துக்குச் சான்றாக நிற்கும். சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் சட்டப்படியான கடமை. அதைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது.

கைத்திறனுக்கும் தாள் வேண்டும். எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்புக்குப் போய்த்தான் பெற வேண்டும் என்பதில்லை. வேலை அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழியும் திறன் மேம்பாட்டுத் துறையிடம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் சமையற்கட்டில் நின்ற ஒருவர் வெறுங்கையோடு வெளியே வர வேண்டியதில்லை.

தனியாக முடியாததைச் சேர்ந்து செய்வோம்

மாதம் 300 ரிங்கிட் சேமித்தால் ஐந்து ஆண்டுகளில் 18,000 ரிங்கிட் சேரும். குறைந்தபட்சச் சம்பளத்தில் வீட்டுக்கும் கொடுத்து அதைச் சேமிப்பது எளிதல்ல என்பதை நான் அறிவேன். சேர்ந்தாலும், ஒருவருக்கு அது போதாமல் போகலாம். அதையே மூவர் சேர்த்தால் 54,000 ரிங்கிட். ஒருவர் சமையற்கட்டு, ஒருவர் கணக்கு, ஒருவர் வாடிக்கையாளர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இந்த யோசனையை நான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவில்லை. தோட்டத் துண்டாடல் நம் மக்களை வீதிக்குத் தள்ளிய காலத்தில், சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மரம் வெட்டியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். முதல் ஏணிக்கும் இரண்டாவது ஏணிக்கும் நடுவே அன்று போடப்பட்ட பலகை அது. கையெழுத்துப் போடத் தெரியாத பலர்கூட அதில் ஏறினார்கள். எஸ்பிஎம் சான்றிதழும் பட்டமும் வைத்திருக்கும் நமக்கு அது ஏன் முடியாது?

நம் உணவக முதலாளிகளிடமும் ஒரு வேண்டுகோள். நல்ல ஊழியர்கள் கிடைப்பதில்லை என்று நீங்கள் வருந்துகிறீர்கள். ஐந்து ஆண்டுகள் உழைத்தவருக்கு அடுத்த கிளையில் ஒரு சிறு பங்கு என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அவர் விளக்கை அணைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். இளைஞர் இயக்கங்களும் பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்களும் தன்முனைப்பு உரைகளுக்கு நடுவே, ஒரு பிரான்சைஸ் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பட்டறை ஒன்றையாவது நடத்தலாம்.

உணவகத்தில் இப்போது வேலை செய்யும் நண்பர்களே, மேசை துடைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. துடைத்துக்கொண்டே கவனியுங்கள். ஒரு கிலோ கோழி என்ன விலைக்கு வருகிறது, நாள் முடிவில் எவ்வளவு வீணாகிறது, கடை வாடகை எவ்வளவு, செவ்வாய்க்கிழமை ஏன் கூட்டம் குறைகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சம்பளச் சீட்டுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கடை வைக்கும் நாள் வந்தால், அந்தக் குறிப்பேடும் அந்தக் கோப்பும்தான் உங்கள் முதல் முதலீடு.