மீட்பு ஹெலிகாப்டரின் செலவு யாருடையது?

1956 டிசம்பரில் பிரான்சின் மோன் பிளான் மலையில் ழான் வன்சந்தோன், பிரான்சுவா ஆன்ரி என்ற இரண்டு இளைஞர்கள் பனியில் சிக்கிக்கொண்டார்கள். அடிவாரத்து ஷாமோனி ஊரிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் அவர்கள் தெரிந்தார்கள். ஆனால் குளிர்கால மலையில் ஆட்களை அனுப்ப வழிகாட்டிகள் சங்கம் தயங்கியது. அதைப் பொறுக்காமல் லியோனல் தெரே என்ற மலையேறி தானே ஆள் திரட்டிக்கொண்டு கிளம்பினார். 31ஆம் தேதி ராணுவத்தின் சிகோர்ஸ்கி எஸ்-58 ஹெலிகாப்டர் இளைஞர்கள் அருகே இறங்க முயன்றது. இறக்கைக் காற்றில் கிளம்பிய பனித்தூள் விமானியின் பார்வையை மறைக்க, அது விழுந்து நொறுங்கியது. காப்பாற்றப் போனவர்களையே காப்பாற்ற வேண்டியதாயிற்று. நகர முடியாத இளைஞர்களை உடைந்த ஹெலிகாப்டருக்குள் கிடத்தினார்கள். சில நாள் கழித்து வந்த சிறிய அலுவெட் ஹெலிகாப்டர்கள் மீட்புக் குழுவினரை ஏற்றிச் சென்றன. இளைஞர்களின் உடல்கள் மார்ச்சில்தான் கீழே வந்தன.

அங்கே ஹெலிகாப்டருக்கோ துணிச்சலான ஆட்களுக்கோ பஞ்சமில்லை. மீட்பு யார் பொறுப்பு என்பதைத்தான் யாரும் முன்கூட்டியே முடிவு செய்திருக்கவில்லை. பிரான்ஸ் அந்த அவமானத்தை மறக்கவில்லை. 1958இல் ஷாமோனியில் மீட்புக்கென்றே காவல் பிரிவு உருவானது. இன்று அந்த மலையில் சிக்குபவரை அரசு கட்டணம் வாங்காமல் மீட்கிறது. வரி கட்டுபவர்கள் அந்தச் செலவைச் சுமக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்து வேறு வழியில் போனது. 1946இல் கௌலி பனியாற்றில் விழுந்த அமெரிக்க டக்கோட்டா விமானத்திலிருந்த 12 பேரையும், பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய இரண்டு சிறு விமானங்கள் மீட்டன. அந்த நம்பிக்கையில் 1952இல் பிறந்ததுதான் ரேகா என்ற வான்மீட்பு அமைப்பு. அது மக்களிடமே கை நீட்டியது. ஆண்டுக்குச் சில பத்து ஃபிராங்க் சந்தா. காப்பீடு கைவிட்டால் சந்தாதாரருக்குச் செலவைத் தள்ளுபடி செய்ய முடியும். சுமார் 90 லட்சம் பேர் உள்ள நாட்டில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைத் தாங்குகிறார்கள். மலைப் பக்கமே போகாத பாட்டிமார்களும் அதில் இருப்பார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

நேபாளத்தில் 1996இல் விமானி மதன் கத்ரி சேத்ரி உயிரைப் பணயம் வைத்து, எவரெஸ்டின் மெல்லிய காற்றில் ஹெலிகாப்டரை இறக்கி பெக் வெதர்ஸ் என்ற மலையேறியைத் தூக்கி வந்தார். அதே நாட்டில், 2018இல் அரசு விசாரித்தபோது அந்த மீட்பே வியாபாரமாகியிருந்தது. ஒரே பறத்தலில் பலரை ஏற்றி, ஒவ்வொருவரின் காப்பீட்டு நிறுவனத்திடமும் முழுக் கட்டணம் வசூலித்திருந்தார்கள். மலையேற்ற முகவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதில் பங்கு. பணத்தைக் காப்பீட்டிடமும், அழைக்கும் அதிகாரத்தைத் தரகரிடமும் விட்டதன் விளைவு இது.

எவரெஸ்ட் ஏற வெளிநாட்டவர் ஒருவரிடம் 15,000 டாலர் வாங்கும் அரசு, அதில் ஒரு பங்கை மீட்பு நிதியாக ஒதுக்கி, ஹெலிகாப்டரை அழைக்கும் முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.