திருவாசகமும் சிம்பொனியும்

மணிவாசகர் பாடல்களை மேனாட்டு வாத்தியக் குழுவோடு இசைத்தல் தகுமோ என்னும் வினா, இளையராஜா அவர்கள் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவினரைக் கொண்டு திருவாசகப் பாடல்கள் ஆறனுக்கு இசையமைத்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டபோது எழுந்தது. தகும் என்பதே எமது துணிபு. ஆயினும் அதற்கு ஓர் எல்லையுண்டு.

அவ்வெல்லையை நம் சித்தன்னவாசலில் காணலாம். அங்குள்ள சமணக் குகைக் கோயிலை 9-ஆம் நூற்றாண்டில் இளங்கௌதமர் என்னும் மதுரை ஆசிரியர் புதுக்கினார். அகமண்டபத்தைச் செப்பனிட்டு, முன்னே முகமண்டபம் ஒன்றும் எடுத்தார் என்று கல்வெட்டுக் கூறும். பழைய கருவறையை அவர் அழித்திலர், மறைத்திலர். காலப்போக்கில் அம்முகமண்டபம் வீழ்ந்தது. இன்று முன்னிற்கும் தூண்கள் 20-ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையினின்று கொணர்ந்து நிறுத்தப்பட்டவை. குகையோ நிலைத்து நிற்கின்றது.

வயலினும் குழலும் கூட்டுக்குரலும் திருவாசகத்திற்கு முகமண்டபமே ஆம். அயலார் உட்புகுதற்கு அது வாயிலாகும். போப்பையர் 1900-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் அத்தகையதன்றோ? ஆயின் உட்புகுந்தார்க்குச் சொல் தெளிவாகக் கேட்டல் வேண்டும். இளையராஜாவின் இசையில் தனிக்குரல் ஒலிக்குமிடங்களே நெஞ்சை மிக உருக்குகின்றன. வாத்தியம் ஓங்குமிடங்களிற் சொல் சிறிது பின்னடைகின்றது.

மணிவாசகர் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயில் இப்புதுக்கோட்டை மாவட்டத்ததே. ஆதலின், இவ்விசையைக் கேட்டு மகிழும் மாணவர், ஓதுவார் பண்ணோடு பாடுவதையும் ஒருமுறை சென்று கேட்க. மூலநூலையும் வாய்விட்டு ஓதுக. அதுவே புத்திசை நமக்குத் தரும் பெரும் பயனாகும்.