சிலேபி மீனும் பெண் குஞ்சு பிறவா உபாயமும்

செய்முறை விளக்கத்திற்காக யான் செல்லும் கிராமங்களில், ஏரி மீன் குத்தகைத் தொகை குறைந்து வருவதற்குச் சிலேபிக் கெண்டையே காரணமென்று பலரும் முறையிடுகின்றனர். 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், பிறந்த சில மாதங்களிலேயே முட்டையிடும். தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆதலால் வலை வீசி மாளாது. நெருக்கம் மிகுந்தால் மீன் சிறுத்துப்போம், விலையும் போகாது.

விஷமிடுதலே வழி என்பார் சிலர். அது நன்மீனையும் கொல்லும். கால்நடை குடிக்கும் நீரையும் கெடுக்கும். இதனினும் மேலான உபாயம் ஒன்றுண்டு. ஆண் மீனுக்கு எக்ஸ், ஒய் என இரு குரோமோசோம்களும், பெண்ணுக்கு எக்ஸ் இரண்டும் உள்ள மீன்களில் அது பலிக்கும். ஆண் குஞ்சுகளுக்குப் பெண் ஹார்மோன் கலந்த தீனியிட, அவை முட்டையிடும் பெண்ணாக மாறும். அவற்றைச் சாதாரண ஆணுடன் சேர்த்தால், குஞ்சுகளில் நான்கில் ஒரு பங்கு இரட்டை ஒய் உடைய ஆணாகும். அவ்வாணுக்குப் பிறப்பன யாவும் ஆணே. தலைமுறைதோறும் பெண் அருகி, இனமே அற்றுப்போம்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநில மீன் இலாகா, ஓடைகளில் புகுந்த அந்நிய மீனாகிய புரூக் டிரவுட்டை ஒழிக்க, 2008 முதல் இம்முறையில் முயன்று வருகிறது. சிலேபியின் உறவாகிய நைல் திலேபியாவில், பண்ணை வளர்ப்புக்காக 1990-களிலேயே இத்தகைய ஆண்கள் உண்டாக்கப்பட்டன. வேற்று ஜாதி மரபணு எதுவும் புகுத்தப்படாமையாலும், ஹார்மோன் உண்ட மீன் ஓடையில் விடப்படாமையாலும் இம்முறையை வரவேற்கலாம் என்பது எமது கருத்து.

எனினும், ஒருமுறை விட்டுவிட்டுப் பலனை எதிர்பார்த்தல் வீண். ஐடஹோவில் முதலில் மீனை மின்சாரத்தால் மயக்கிப் பிடித்துக் குறைத்து, அதன்பின் ஆண்டுதோறும் இவ்வாண்களை விடுகின்றனர். மேலேரியிலிருந்து வாய்க்கால் வழியே புதுப் பெண் மீன் வந்துகொண்டிருந்தால் அத்தனையும் பாழ். மேலும், ஓராண்டுக் குத்தகை எடுத்தவர் ஐந்தாண்டுக்குப் பின் வரும் நன்மைக்காக இன்று கைப்பொருள் இழப்பாரோ?

ஆகவே கிராமத்தார் முதலில் செய்யத்தக்கவை மூன்று: வரத்துக்காலிலும் மதகிலும் நெருங்கிய வலைத்தட்டி அமைத்தல், கோடையில் நீர் வற்றும்போது மீனை அறவே பிடித்தல், குத்தகைக் காலத்தை நீட்டித்தல். இவை கைகூடிய தனிக்குளத்திலேயே இப்புது உபாயத்தைச் சோதித்தல் தகும். மதகைத் திறந்து வைத்துவிட்டு விஞ்ஞானத்தை நோவதிற் பயனில்லை.