நெட்டுக்கோட்டு ஸ்வெட்டர்

"மாமா, நீங்க வீட்ல சும்மாதான இருக்கீங்க? எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுங்க."

கேட்டது என் அக்கா மகள். வயது எட்டு. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனை 'சும்மா இருக்கிறவன்' என்று சொல்வதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எனவே கோபப்படவில்லை.

விஷயம் இதுதான். அக்கா வீட்டுக்காரருக்கு ஊட்டிக்கு மாற்றல். ஜூனில் பள்ளிக்கூடம். ஊட்டி ஜூன் என்றால் மழையும் குளிரும் ஒட்டுக்கா வரும். பீளமேட்டில் பிறந்து, மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்கும் பரம்பரைக்கு ஸ்வெட்டர் தேவைதான். "ஊட்டியில திபெத்காரங்க கடையில வரிசையாத் தொங்குமே, அங்கயே வாங்கிக்கலாம்" என்றேன்.

"அங்க பெர்ட் போட்டிருக்கறது கிடைக்குமா?"

பெர்ட் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1969 நவம்பரில் அமெரிக்க டி.வி.யில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியின் பொம்மை. எர்னி, பெர்ட் என்று இரண்டு பேர் ஒரே வீட்டில் குடியிருப்பார்கள். எர்னிக்கு உருண்டை மண்டை, ஓயாத சிரிப்பு. பெர்ட்டுக்கு நீள மண்டை, ஒட்டிய புருவம், நிரந்தர எரிச்சல். பொழுதுபோக்கு, பேப்பர் கிளிப் சேகரிப்பது! நம் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். பாப்பா செல்ஃபோனில் இதைத்தான் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள். சிரிக்கிற எர்னியை விட்டுவிட்டு, முறைக்கிற பெர்ட்டை ஏன் பிடித்தது என்று கேட்டேன். "பாவம் மாமா, அவன் தூங்கறப்பல்லாம் எர்னி எழுப்பி விட்டுடறான்" என்றாள். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன் நான். எனக்கும் பெர்ட்டைப் பிடித்துவிட்டது.

அம்மாவுக்குப் பின்னத் தெரியும். ஆனால் இப்போது விரல் கணுக்களில் வலி. டம்ளரைப் பிடிப்பதே சிரமம். அதோடு அம்மா ஊசியைத் தொட்டு வருஷமாகிவிட்டது. அதற்குக் காரணம் நான்.

2008-ல் நான் பி.காம். இரண்டாம் வருஷம். ஊட்டிக்கு டூர். அம்மா ஒரு மாசம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கருநீலத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். பஸ் ஹோப் காலேஜ் தாண்டுவதற்குள் பசங்கள் எல்லாரும் ஜெர்கினில் ஹீரோவாக நின்றார்கள். அம்மா பின்னியதைப் போட்டால் மானம் போய்விடும் என்று பையின் அடியில் தள்ளினேன். தொட்டபெட்டாவில் பல் தந்தியடித்தது, போடவில்லை. திரும்பி வந்ததும் அம்மா பையைப் பிரித்தாள். அவள் மடித்த மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

சரி, பெர்ட்டுக்கு வருவோம். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஊசிகளை எடுத்தேன். 8-ம் நம்பரை விட 10-ம் நம்பர் பெரிசாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. இது பழைய இங்கிலீஷ் கணக்கு. நம்பர் ஏற ஏற ஊசி ஒல்லியாகும். இதைத் தெரிந்துகொள்ளவே ஒரு நாள் போனது.

அடுத்து நூல். எவ்வளவு வாங்குவது? பி.பி.ஸி.யின் 'டாக்டர் ஹூ' தொடருக்காக 1974-ல் நடிகர் டாம் பேக்கருக்குக் கோடு போட்ட கழுத்துத்துணி ஒன்று தேவைப்பட்டது. உடை அமைப்பாளர், பிகோனியா போப் என்ற அம்மாளிடம் பல கலரில் நூலைக் கொடுத்துப் பின்னச் சொன்னார். அவர் கொடுத்த அத்தனையையும் பின்னிவிட்டார். நீளம் சுமார் 20 அடி! அதையே நடிகர் போட்டுக்கொண்டார், உலகப் புகழ் பெற்றது. எட்டு வயசுப் பாப்பாவுக்கு அப்படிச் செய்ய முடியாது. பி.காம். மூளையைப் பயன்படுத்தி அளந்து வாங்கினேன்.

மூன்று ராத்திரி பின்னி, ஒரு சாண் உயரத்துக்கு முன்பக்கத்தைக் காட்டினேன். பாப்பா உதட்டைப் பிதுக்கினாள்.

"இது எர்னி மாமா."

அப்போதுதான் உறைத்தது. எர்னிக்குக் கோடு குறுக்கே ஓடும். பெர்ட்டுக்கு நெட்டுக்குத்தாக! உருண்டை மண்டைக்கு அது, நீள மண்டைக்கு இது. குறுக்குக்கோடு சுலபம்; நாலு வரிசைக்கு ஒரு தரம் நூலை மாற்றினால் போதும். நெட்டுக்கோடு என்றால் ஒவ்வொரு வரிசையிலும் ஏழெட்டு தடவை நூல் மாற வேண்டும். மாற்றும் இடத்தில் இரண்டு நூலையும் முறுக்கிக்கொள்ளாவிட்டால் ஓட்டை விழும். முயற்சி செய்தேன். எட்டு உருண்டைகளும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஏகாதசிக் கும்பல் மாதிரி ஆகிவிட்டன.

பேக்கரியில் நண்பனிடம் சொன்னேன். அவன் திருப்பூரில் நிட்டிங் கம்பெனியில் இருக்கிறான். "ஏன்டா, மிஷின் வெச்சிருக்கற எங்களுக்கே நெட்டுக்கோடுன்னா தலவலி. குறுக்குக்கோடு வேணும்னா ஃபீடர்ல கலர் நூல வரிசையா மாட்டுனா தீந்துது" என்று தேங்காய் பன்னைக் கடித்தபடி கணக்குச் சொன்னான். 30 அங்குல வட்ட மிஷின், அங்குலத்துக்கு 24 ஊசி என்றால் சுற்றிலும் சுமார் 2,260 ஊசி. 90 ஃபீடர். மிஷின் ஒரு சுற்று சுற்றினால் 2 லட்சம் கண்ணி. நிமிஷத்துக்கு இருபது சுற்றுக்கு மேல். நான்? நிமிஷத்துக்கு 15 கண்ணி. அதுவும் கொசு கடிக்காமல் இருந்தால்!

1589-ல் வில்லியம் லீ என்ற இங்கிலாந்துக்காரர் முதல் பின்னல் இயந்திரத்தைச் செய்தபோது, கையால் பின்னுகிறவர்கள் பிழைப்பு போகுமே என்று எலிசபெத் ராணி உரிமம் தர மறுத்துவிட்டாராம். அந்தம்மாள் என் வேகத்தைப் பார்த்திருந்தால் உடனே கையெழுத்துப் போட்டிருப்பார்.

அன்று ராத்திரி பதினோரு மணி. பிரித்த நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாத்ரூமுக்குப் போன அம்மா நின்று பார்த்தாள்.

"எதுக்குக் கண்ணு இந்தக் கூத்து? குறுக்கயே பின்னு. முடிச்சுப்போட்டுத் திருப்பி வெச்சுத் தெச்சா நெட்டுக்கோடுதான?"

அட! கீழிருந்து மேலே பின்னாமல், இடுப்போரம் தொடங்கி மறு இடுப்போரம் வரைக்கும் பக்கவாட்டில் பின்னுவது. 16 அங்குல உயரத்துக்கு 80 கண்ணி, 14 அங்குல அகலத்துக்கு 98 வரிசை. முன்னும் பின்னும் சேர்த்து 15,680 கண்ணி. திருப்பூர் மிஷினுக்கு ஒரு சுற்று கூட இல்லை. எனக்குப் பதினேழரை மணி நேரம், கைகள் தனி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே பின்னினாள். "கழுத்துக்குக் கொறச்சுக்க... இறுக்காத, பூனைக் கழுத்தா புடிக்கற?"

பின்பக்கம் முடிகிற நேரத்தில் ஒரு கலர் தீர்ந்துபோனது. (பி.காம்.!) அம்மா பீரோ அடித்தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து வந்து, "இத வெச்சுக்க" என்றாள். கருநீலம். புது நூல் நேராக ஓடும். இது நூடுல்ஸ் மாதிரி நெளிநெளியாக இருந்தது. ஒரு தடவை பின்னிப் பிரித்த நூல்தான் அப்படி இருக்கும். எப்போது பிரித்தாள் என்று நான் கேட்கவில்லை. அந்த நூலில் இரண்டு கோடு போட்டேன். அந்த இரண்டு கோடும்தான் ஸ்வெட்டரிலேயே ஒழுங்காக வந்தது.

பாப்பா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை நெரித்து முறைத்தாள். அசல் பெர்ட். அப்புறம் சோபாவில் படுத்து, "இப்ப எர்னி!" என்றாள்.

ஜூன் கடைசியில் ஊட்டியிலிருந்து அக்கா ஃபோன். பின்னல் குறுக்குவாக்கில்தான் அதிகம் இழுபடும். நாங்கள் திருப்பி வைத்துத் தைத்ததால் அது நீளவாக்கில் இழுபட ஆரம்பித்து, ஒரே மாசத்தில் ஸ்வெட்டர் முழங்காலைத் தொட்டுவிட்டதாம். பாப்பா ஃபோனைப் பிடுங்கி, "அமுச்சி, இப்ப காலுக்கும் குளிரறதில்ல!" என்றாள். அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள்.

ஃபோனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப உன்ற நெஞ்சளவு என்ன?"

"நாப்பது."

"அப்ப முப்பத்தாறு." டப்பாவைத் திறந்து ஊசியை என்னிடம் நீட்டினாள். "நீ பின்னு. நான் கண்ணி எண்றேன்."

வெளியே பீளமேட்டு வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.